பருத்தித்துறை முத்துவின் குருவி

உடுப்பிட்டி என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சிவசம்புப் புலவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஊரில் இருந்துகொண்டு, கடலுக்கு அப்பால் இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பாஸ்கர சேதுபதி மீது பிரபந்தங்கள் பாடியவர் அவர். விவேகானந்தர் சிக்காகோ போக உதவிய அதே சேதுபதிதான். பொருள் கொடுத்து ஆதரித்தவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துப் பாடுவது நமக்குப் பழகிய மரபு. பாரியின் பெயர் இன்றும் நமக்குத் தெரிவது அவனைப் பாடிய புலவர்களால். சடையப்ப வள்ளல் எப்படி வாழ்ந்தார் என்று யாருக்கும் விவரமாகத் தெரியாது; ஆனால் கம்பர் உள்ளவரை அவரும் உண்டு.

சிவசம்புப் புலவர் வாழ்ந்த அதே காலத்தில், உயிர்களை ஆராய்ந்த ஐரோப்பியரும் இதையே வேறு வகையில் செய்துகொண்டிருந்தார்கள். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வகுத்த முறைப்படி ஒவ்வொரு விலங்குக்கும் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரு சொற்பெயர் உண்டு. புதிய இனமொன்றை முதலில் விவரித்து அச்சிடுபவர் இரண்டாவது சொல்லாக ஒரு மனிதரின் பெயரையும் வைக்கலாம். அந்த இடத்தில் ஆய்வாளர்களும், ஆதரித்த அதிகாரிகளும், பயணங்களுக்குப் பணம் கொடுத்த செல்வந்தர்களும் வந்து அமர்ந்தார்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரில் மூக்கில் இலைபோன்ற உறுப்போடு திரியும் ஓணானுக்கு, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயரை 1861இல் விலங்கியலாளர் குந்தர் வைத்தார். இங்கிலாந்தின் வால்டர் ரொத்சைல்ட் தாமே ஆய்வாளர். உலகமெங்கும் ஆட்களை அனுப்பி உயிர்களைச் சேர்ப்பித்த பெரும் புரவலரும்கூட. பாலித்தீவின் வெள்ளை மைனா 1912 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. ஒட்டகச்சிவிங்கியிலும் அவர் பெயர் உண்டு. இந்த வழக்கத்தை நான் குறைசொல்ல வரவில்லை. அவர்கள் பணம் இல்லாவிட்டால் பல இனங்கள் பதிவாகாமலே போயிருக்கும்.

ஆனால் புரவலருக்கும் பறவைக்கும் நடுவே எப்போதும் ஒருவர் நின்றார். எந்தப் பற்றைக்குள் எந்தக் குருவி எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தவர். விடிய முன்னர் எழும்பிப் போனவர். அவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. ஆனால் உடுப்பிட்டியும் பருத்தித்துறையும் உள்ள வடமராட்சியில் கிடைத்த பறவையொன்றுக்கு, அப்படிப்பட்ட ஒருவரின் பெயரே ஒருமுறை வைக்கப்பட்டது. அதை இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

எட்கர் லேயார்ட் 1846இல் இலங்கைக்கு வந்து அரச சேவையில் இருந்தவர். நினிவே நகரைத் தோண்டியெடுத்த ஒஸ்டின் ஹென்றி லேயார்டின் தம்பி. உத்தியோகம் ஒருபுறம் இருக்க, பறவைகளில்தான் அவர் மனம் கிடந்தது. தான் சேர்த்தவற்றைக் கல்கத்தாவின் ஆசியக் கழக அருங்காட்சியகத்தில் இருந்த எட்வர்ட் பிளைத்துக்கு அனுப்பினார். பிளைத் 1849இல் இலங்கைக்கே உரிய கிளியொன்றுக்கு லேயார்டின் மனைவி பாபரா கல்த்ரொப்பின் குடும்பப் பெயரை வைத்தார். அதே ஆண்டில் மலைக்காட்டு அணில் ஒன்றுக்கு லேயார்டின் பெயரையே வைத்தார். பிறகு லேயார்ட் தென்னாபிரிக்கா போய் அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்றார். 1865இல் தென்கடல் திமிங்கிலம் ஒன்றும் அவர் பெயரைப் பெற்றது.

இத்தனை பெயர் பெற்றவர், பெயர் கொடுக்கும் முறை தனக்கு வந்தபோது என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். பருத்தித்துறையில் இருந்தபோது அவருடைய வேலையாள் முத்து ஒரு நாள் காலை சிறிய மண்ணிறக் குருவியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். முத்து அவர் வீட்டுச் சமையற்காரர் என்றும் சொல்லப்படுகிறது. லேயார்ட் அதைப் புதிய இனம் என்று கண்டு 1854இல் வெளியிட்டு, முத்துவின் பெயரையே வைத்தார். நெடுங்காலம் தன்னோடு இருந்தவர், தன் சேகரிப்பில் உள்ள நல்ல பறவைகள் பல அவருடைய பொறுமையாலும் வேட்டைத் திறமையாலும் கிடைத்தவை என்று காரணத்தையும் எழுதிவைத்தார். வெள்ளைத் துரை ஒருவர் தன் வேலையாளைப் பற்றி லண்டன் ஆய்விதழில் இப்படி எழுதுவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் அல்ல.

மஸ்கிகாப்பா முத்துய். இதுதான் இன்று அந்தக் குருவியின் அறிவியற் பெயர். தமிழில் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் எனலாம். நம் வளவுகளில் கத்திக்கொண்டு கூட்டமாகத் திரியும் புலுனியைப்போலக் கண்ணில் படுகிற ஆள் அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம், மங்கிய மண்ணிறம், வெள்ளைத் தொண்டை, நெஞ்சில் பழுப்புப் பட்டை. பெரிய கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்; வெளிறிய கால்கள். வடகிழக்கு இந்தியாவிலும் மியன்மாரிலும் சீனத்தின் தென்பகுதியிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிகாலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வரும். நிழல் அடர்ந்த இடத்தில் தாழ்வான கிளையில் அசையாமல் இருந்து, பூச்சி பறந்தால் எட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பும். இதை மற்ற மண்ணிறக் குருவிகளிலிருந்து பிரித்தறியத் தொலைநோக்காடியும் படநூலும் வைத்திருக்கும் இன்றைய பறவை ஆர்வலர்களே சிரமப்படுகிறார்கள். முத்துவிடம் இருந்தது பழகிய கண் மட்டுமே.

பறவையைப் பிடிப்பதோடு வேலை முடிவதுமில்லை. அக்காலத்தில் உடனே வயிற்றைக் கீறித் தோலை முழுதாக உரிக்க வேண்டும். இறகு ஒன்றுகூட அழுக்காகக் கூடாது. உட்புறத்தில் நஞ்சு கலந்த சவர்க்காரம் பூசிப் பஞ்சு அடைத்துத் தைத்து, எறும்புக்கும் ஈரத்துக்கும் தப்பவைத்து உலர்த்த வேண்டும். கடைசியில் காலில் நூலால் ஒரு சிட்டை கட்டுவார்கள். இடம், நாள், சேர்த்தவர் பெயர். அந்தச் சிட்டையில் ‘சேர்த்தவர்’ என்ற இடத்தில் துரையின் பெயர் இருக்கும். சுட்டவர், உரித்தவர், பெட்டியைச் சுமந்தவர் யாருக்கும் அதில் இடம் இருந்ததில்லை.

வாலஸின் கதையோடு ஒப்பிட்டால் லேயார்ட் செய்ததன் அருமை விளங்கும். ஆல்பிரட் ரசல் வாலஸ் மலாய்த் தீவுகளில் திரிந்த காலத்தில் அவருக்கு வலக்கையாக இருந்தவர் சராவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர். 1858இல் பச்சான் தீவில், யாரும் அதுவரை விவரித்திராத சொர்க்கப் பறவையொன்றை முதலில் கொண்டுவந்தவர் அலி. மறுவருடம் லண்டனில் விலங்கியலாளர் கிரே அதற்கு வாலஸின் பெயரை வைத்தார். வாலஸ் நல்லவர், அலியைப் பற்றித் தன் நூல்களில் அன்போடு எழுதியவர். ஆனாலும் அலி கொண்டுவந்த பறவை இன்றும் வாலஸின் பறவை.

முத்துவின் பெயர் வேறு எந்தக் கல்வெட்டையும்விட உறுதியாக நிற்கிறது. பேரினப் பெயரை ஆய்வாளர்கள் பின்னாளில் மாற்றினார்கள். ஆனால் சிற்றினப் பெயரை, முதலில் வைத்தது என்பதால், விதிப்படி தொடமுடியாது. பேரினம் மாறினால் பெயர் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும் என்பதும் விதி. ஆகவே உலகின் எந்தப் பறவைப் பட்டியலைத் திறந்தாலும் முத்து முன்னே நிற்பார். லேயார்டும் 1854 என்ற ஆண்டும் அடைப்புக்குறிக்குள் பின்னே வரும்.

இப்போது உலகம் இந்தப் பெயர்களை மறுபரிசீலனை செய்கிறது. அமெரிக்கப் பறவையியல் சங்கம் மனிதர் பெயர் தாங்கிய ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக 2023இல் அறிவித்தது. மட்ரிட் மாநாட்டில் 2024இல் தாவரவியலாளர், ஆபிரிக்க மக்களை இழிவுபடுத்தும் சொல்லைக் கொண்ட 200க்கும் மேற்பட்ட பெயர்களைத் திருத்த வாக்களித்தனர். விலங்குப் பெயர்களுக்குப் பொறுப்பான ஆணைக்குழுவோ இந்தக் காரணங்களுக்காகப் பெயர் மாற்ற மறுத்துவிட்டது. இழிசொல்லை நீக்குவது நியாயம். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மனிதர் பெயர்களை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தத் துடைப்பத்துக்கு ரொத்சைல்டும் முத்துவும் ஒன்றாகவே தெரிவார்கள். பணம் கொடுத்தவர்களின் பெயரை அழிப்பதைவிட, பற்றைக்குள் இறங்கியவர்களின் பெயரைச் சேர்ப்பதே நமக்கு வேண்டியது.

சேர்ப்பதற்கு நம் பக்கத்தில் ஆட்கள் இல்லாமலில்லை. தொண்டைமானாற்று நீரேரிக்கு மாரியில் வரும் பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சேற்றில் எந்த நண்டு, எந்த மாதத்தில் எந்த மீன் என்று பிழையில்லாமல் சொல்லக்கூடிய கடற்றொழிலாளர் வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் இருக்கிறார்கள். ஆய்வு மாணவர் ஒருவர் களத்துக்கு வரும்போது வழிகாட்டுபவர்கள் இவர்கள்தான். ஆய்வேட்டில் இவர்கள் பெரும்பாலும் ‘உள்ளூர் மக்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். லேயார்ட் 1854இல் செய்ததைக்கூட நாம் இன்னும் ஒழுங்காகச் செய்யவில்லை.

உடுப்பிட்டியிலும் பருத்தித்துறையிலும் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரு சொற்பெயரீட்டைப் படிப்பிக்கும்போது ஹோமோ சேப்பியன்ஸோடு நிறுத்தாமல் மஸ்கிகாப்பா முத்துய் என்றும் கரும்பலகையில் எழுதுங்கள். அது எந்த ஊரில் கிடைத்தது என்றும் சொல்லுங்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் வடக்குப் பாடசாலைகளுக்குத் தயாரிக்கும் வினாத்தாள்களில் ஒன்றில் இந்தக் குருவி ஒருமுறை வந்தாலே போதும், மாகாணம் முழுவதற்கும் தெரிந்துவிடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் இனி இந்தக் கரையிலிருந்து ஒரு மீனையோ நண்டையோ புதிதாக விவரிக்கும்போது, அதைக் காட்டிக்கொடுத்தவரின் முழுப்பெயரையும் ஊரையும் ஆய்வேட்டில் அச்சிட வேண்டும்.