அரை விழுக்காடு அற்பமா?

“அரை விழுக்காடு மிச்சமாகுமாம், அதற்கா இத்தனை ஆரவாரம்?” பெரிய மின்னாக்கிகளில் மீக்கடத்தியைப் பயன்படுத்தலாம் என்று அறிவியலார் கூறும்போதெல்லாம், பணப்பெட்டியின்மேல் அமர்ந்திருப்போர் எழுப்பும் ஏளனக் குரல் இது. ஏளனம் விடையாகிவிடுமா, தோழர்களே? கணக்கைப் பார்ப்போம்.

மின்னாக்கியின் சுழலியிலே செப்புக் கம்பிச் சுருள் உண்டு. அதிலே பாயும் மின்னோட்டம்தான் காந்தப் புலத்தை எழுப்புகிறது. செம்பு தடுக்கிறது, தடுப்பதால் சூடேறுகிறது, சூடாகிப் போனதெல்லாம் வீண். மீக்கடத்தியிலோ அந்தத் தடை அறவே இல்லை! 1911ஆம் ஆண்டு லைடன் நகரிலே காமர்லிங் ஆன்னஸ், பாதரசத்தைச் சுழியத்துக்குக் கீழே 269 பாகை வரை குளிர்வித்துக் கண்டறிந்த உண்மை இது.

1,000 மெகாவாட் மின்னாக்கியிலே, குளிர்விக்கும் செலவு போக, அரை விழுக்காடு மிஞ்சினால் 5 மெகாவாட். ஓராண்டு ஓயாது ஓடினால் 4 கோடியே 38 லட்சம் யூனிட்! ஒரு பிடி நிலக்கரியும் கூடுதலாக எரிக்காமல் கிடைப்பது. இதுவா அற்பம்?

“குளிர்விக்கவே கோடி வேண்டுமே!” என்பர். திரவ ஹீலியமே கதி என்றிருந்த காலத்தில் அவ்வாதத்துக்கு வலு இருந்தது. 1986இல் பெட்நோர்ஸும் முல்லரும் புதுவகை மீக்கடத்தியைக் கண்டனர். மறு ஆண்டே, திரவ நைட்ரஜனின் குளிரிலேயே தடை இழக்கும் பொருள் கிடைத்தது. குளிர்விக்கும் சுமை பன்மடங்கு குறைந்த பின்னரும் பழைய பல்லவி ஏன்?

“செய்து காட்டியவர் யார்?” என்பர். ஜப்பானிலே 1988இல் அரசு தொடங்கிய திட்டத்தில் உருவான மின்னாக்கி, 79 மெகாவாட் வரை எட்டிக் காட்டியது. டென்மார்க்கின் தைபோரனில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியால் உருவான 3.6 மெகாவாட் காற்றாலை மின்னாக்கி, 2018இல் மின்தொகுப்புக்கே மின்சாரம் தந்தது.

பிறகு ஏன் பரவவில்லை? வாங்குவோர் இல்லாததால் விலை இறங்கவில்லை. விலை இறங்காததால் வாங்குவோர் இல்லை. முப்பது ஆண்டு பழுதின்றி ஓடுமோ என்று முதலாளி அஞ்சுகிறார். அவர் கவலை அடுத்த ஆண்டின் இலாபம்; அஞ்சத்தான் செய்வார். அரசுக்குமா அந்த அச்சம்? சோதனைக்குப் பணம் தந்துவிட்டு, வெற்றி கண்டதும் விலகி நிற்பது, கதிர் முற்றும் வேளையில் வேலியைப் பிரிப்பதற்கு ஒப்பாகும் அன்றோ!

பொதுத்துறை மின்நிலையத்திலே ஒரே ஒரு பெரிய மின்னாக்கியை நிறுவுங்கள், ஆண்டுக்கணக்கில் ஓட்டுங்கள், வரவையும் செலவையும் மக்கள் முன் வையுங்கள்! நாம் கேட்பது அவ்வளவே. தீர்ப்பை அந்தக் கணக்கு வழங்கட்டும்!