ஆராய்ச்சிக்கு ஆள் தேடும் இன்டர்நெட்

புதிய சாஃப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது பக்கம் பக்கமாக நிபந்தனைகள் வரும். பலரும் அவற்றைப் படிப்பதில்லை. "ஐ அக்ரீ" பட்டனை கிளிக் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கேன்சரிலிருந்து மீண்டவர்களை மருத்துவ ஆராய்ச்சியில் சேர்ப்பதற்கும் இப்போது இணைய தளங்கள் வந்துவிட்டன. அங்கேயும் இதே பட்டன் முறை போதுமா? போதாது என்பது என் கருத்து.

இன்டர்நெட் வழியே ஆள் சேர்ப்பது நல்ல வழிதான். அதில் சந்தேகம் இல்லை. ஆஞ்சியோசர்கோமா என்பது ரத்தக் குழாய்களில் தோன்றும் அரிய வகை கேன்சர். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 300 பேருக்குத்தான் வருகிறது. எந்த மருத்துவமனையிலும் ஆராய்ச்சிக்குத் தேவையான அளவு நோயாளிகள் கிடைப்பதில்லை. இதற்காக பிராட் இன்ஸ்டிடியூட், டானா-ஃபார்பர் கேன்சர் மையம் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் 2017-ல் ஓர் இணைய தளம் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய கோரி பெயின்டர், இதே நோயிலிருந்து மீண்டவர்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ வசித்த நோயாளிகள் வீட்டிலிருந்தே பதிவு செய்ய முடிந்தது. எச்சில் மாதிரி எடுப்பதற்கான டப்பா தபாலில் வந்தது. அனுமதி கொடுத்தவர்களின் மருத்துவக் குறிப்புகளையும், மருத்துவமனையில் சேமித்து வைத்திருந்த கட்டித் திசுவையும் ஆராய்ச்சியாளர்களே கேட்டுப் பெற்றார்கள். 18 மாதங்களில் 338 பேர் பதிவு செய்தார்கள். தலை, முகம், கழுத்துப் பகுதியில் வரும் இவ்வகைக் கட்டிகள் சிலருக்கு இம்யூனோதெரபி சிகிச்சையால் குணம் காணலாம் என்ற தடயம் இதில் கிடைத்தது. 2020-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன். இதில் படிவமும் டேட்டாபேஸும் சுலபமான வேலை. சம்மதம் வாங்கும் பக்கம்தான் கடினமானது. பிடிக்காத சாஃப்ட்வேரை அன்-இன்ஸ்டால் செய்துவிடலாம். ஆராய்ச்சியிலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் ஏற்கெனவே மற்ற ஆய்வாளர்களுக்குப் போய்விட்ட தகவலைத் திரும்ப வாங்க முடியாது. மரபணுத் தகவல் என்றால் அது உங்கள் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் பற்றியதும்கூட.

எனவே அந்தப் பக்கம் வக்கீல் மொழியில் இருக்கக் கூடாது. என்ன எடுக்கிறீர்கள்? யார் பார்ப்பார்கள்? நான் விலகினால் என்ன ஆகும்? இப்படிக் கேள்வி பதிலாக, படிப்பவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். சந்தேகம் கேட்க, மனிதர் எடுத்துப் பேசும் ஒரு போன் நம்பர் வேண்டும். முடிவுகள் வந்ததும் பங்கேற்றவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். நெட் வசதி இல்லாத முதியவர்களையும் கிராமத்தினரையும் நர்ஸ் மூலமாகவோ போன் மூலமாகவோ சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும் முடிவுதான் கிடைக்கும்.

நம் வாசகர்களும் ஒன்று செய்யலாம். வீட்டில் கேன்சரிலிருந்து மீண்ட ஒருவருக்கு, புதிய மருந்துப் பரிசோதனையில் சேரச் சொல்லி மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால், முதலில் அதன் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் இத்தகைய பரிசோதனைகளை சி.டி.ஆர்.ஐ. எனும் அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அதன் தளத்தில் இலவசமாகத் தேடலாம். யார் நடத்துகிறார்கள், எந்த மருத்துவமனையில், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி உண்டா, யார் சேரலாம் என்ற விவரங்கள் அங்கே இருக்கும். தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் பெரியவர்களுக்கு நீங்கள் படித்துச் சொல்லுங்கள். சிகிச்சை தந்த டாக்டரிடமும் காட்டுங்கள். சேர்வதற்குப் பணம் கட்டச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து, அவருக்கும் விருப்பம் இருந்தால், தயங்காமல் சேரச் சொல்லுங்கள். அவர் தரும் தகவல், இதே நோய் நாளை வரும் இன்னொருவருக்கு உதவக்கூடும்.