சத்தம் இல்லைன்னா எல்லாம் சரியா?

போன மாசம் நடந்த கூத்து இது. செங்கல்பட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கேயோ இருக்கும் லினக்ஸ் சர்வரில் கிரான் வேலை ஒன்று போட்டேன். காலை 6 மணிக்கு ப்ராஜெக்ட் டேட்டாபேஸை பேக்கப் எடுக்கணும், அவ்வளவுதான். அந்த சர்வரின் கடிகாரம் யூடிசியில் ஓடுகிறது; நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆக தினமும் 11.30க்கு, மொத்த வகுப்பும் லாகின் ஆகியிருக்கும்போது பேக்கப்!

அதுகூடப் பரவாயில்லை. டிஸ்க் நிரம்பி மூன்று வாரமாக பேக்கப்பே விழவில்லை. கிரான் சொல்லாமல் இல்லை, பாவம். சர்வருக்குள்ளேயே யாரும் திறக்காத மெயில் பெட்டிக்கு தினமும் எழுதியிருக்கிறது :-)

"பிழை வந்தா உன் மெயிலுக்கு அனுப்பச் சொல்லு" என்கிறான் நண்பன். எனக்கு அது போதாது. மெஷினே படுத்துவிட்டால் மெயில் யார் அனுப்புவது?

நம்ம கடற்கரைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 2004 டிசம்பர் 26ல் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்ப் ஹவுஸில் கடல் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பட்டது. ஐதராபாத் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007ல்தான். சுனாமியைப் பிடிக்க அமெரிக்கர்கள் செய்த டார்ட் மிதவைகள், கடல் சும்மா இருந்தாலும் ஆறு மணி நேரத்துக்கொருமுறை அளவுகளை அனுப்பும். அலை தெரிந்தால் தானே வேகம் கூட்டும். இரண்டாம் தலைமுறை மிதவையைக் கரையிலிருந்தும் முடுக்கலாம். அந்த வழக்கமான செய்தி வரவில்லையா, மிதவைக்கு ஏதோ ஆச்சு என்று அர்த்தம்.

இப்போது என் பேக்கப்பும் முடிந்ததும் "இத்தனை எம்பி" என்று வேறொரு மெஷினுக்குச் சொல்கிறது. காலை 7க்குள் சொல்லாவிட்டால் அந்த மெஷின் எனக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். நேரத்தையும் 00.30க்கு மாற்றியாச்சு, யூடிசியில்!