போலீஸ்காரர் கார் கதவருகே வருமுன்



சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டவரை நீங்கள் பார்த்திருக்கலாம். வியர்த்துக் கொட்டும், நாக்கு குழறும், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். அப்படி ஒருவர் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தால் எந்தப் போலீஸ்காரரும் முதலில் குடிபோதை என்றுதான் நினைப்பார். காது கேளாதவர் பாடு இன்னும் மோசம். அதட்டல் அவர் காதில் விழாது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். வண்டிக்குள் துப்பாக்கி இருக்கலாம் என்ற எச்சரிக்கையோடே காரை நெருங்கும் அமெரிக்கப் போலீசிடம் இந்தத் தப்புக்கணக்கு உயிரையே வாங்கிவிடும்.

அங்கே பல மாநிலங்கள், விரும்பிக் கேட்பவர்களுக்கு மட்டும், லைசென்ஸிலும் அடையாள அட்டையிலும் உடல்நிலைக் குறி ஒன்று போட்டுத் தருகின்றன. வர்ஜீனியாவில் இன்சுலின் போடுகிறவர், காது கேளாதவர், ஆட்டிசம் உள்ளவர் என்று தனித்தனிக் குறிகள். டெக்சாஸில் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். காவலருடன் பேசிப் புரிந்துகொள்வதில் இவருக்குச் சிரமம் உண்டு என்று போட்டுக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. லைசென்ஸைப் போலீஸ் மட்டுமா பார்க்கிறது? பாங்கில், ஓட்டலில், விமான நிலையத்தில், மதுக்கடையில்கூட நீட்ட வேண்டியிருக்கிறது. அத்தனை பேருக்கும் நம் வியாதி எதற்கு?

ஆனால் குறியைக் காட்ட முதலில் அட்டையை எடுத்தாக வேண்டும். பதற்றத்தில் பாக்கெட்டுக்குள் கைவிடும் அந்த நொடியில்தான் விபரீதமே. 2019இல் டெக்சாஸ் இதற்கும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. இந்தச் சிரமத்தை மருத்துவச் சான்றோடு வண்டிப் பதிவின்போதே சொல்லிவைத்துவிடலாம். வண்டி எண்ணைத் தட்டிப் பார்க்கும் காவலருக்கு, தன் வண்டியைவிட்டு இறங்குமுன்பே விஷயம் தெரிந்துவிடும்.

இப்படிக் குறி போட்டுக்கொள்ளத் தயங்குகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் வலிப்பு நோயாளியைப் பற்றி டாக்டரே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். லைசென்ஸ் தருகிற இடம்தான் பறிக்கிற இடமும். அங்கே போய், கேட்காமலே நம் வியாதியைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

நம் ஊர் லைசென்ஸில் ரத்தப் பிரிவு இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுமுன் எப்படியும் சோதித்துத்தான் ஏற்றுவார்கள். ஆனால் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் மயங்கிக் கிடந்தால் அதை யார் சொல்வது? வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் வருமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிவம் கேட்கத்தான் செய்கிறது. பதில் ஃபைலோடு போய்விடுகிறது.

பர்ஸில் லைசென்ஸுக்குப் பின்னால், உடல்நிலையைக் குறித்த ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பவர்கள் உங்களில் இருப்பார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள், எப்போதாவது உதவியதா என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்