கருந்தோட்டத்துக் கல்லறைகள்



2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு மாலைப் பொழுது. இரண்டு நாளாகப் பள்ளிக்கு வராத ஒரு பையனைப் பற்றி விசாரிக்க அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பையனுக்குக் காய்ச்சல். அவனுடைய பாட்டி தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு மலைப்பாதை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கார்களும் லோரிகளும் வரிசையாக நின்றன. வண்டிகளின் மேல் மெத்தையும் மூட்டைகளும் கட்டப்பட்டிருந்தன.

"நம்ம பழைய தோட்டத்தை வித்தப்ப நாங்களும் இப்படித்தான் லோரியில வந்தோம், வாத்தியாரே. இவங்க தோட்டத்தையும் வித்துட்டாங்களா?" என்று கேட்டார் பாட்டி.

"இல்லை பாட்டி, இது சண்டை" என்றேன்.

"யாருக்கும் யாருக்கும்?"

அன்று அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாட்டிக்கு நான் பட்ட கடனை இந்த மாதக் கட்டுரையில் தீர்க்கிறேன்.

பெயரே தோட்டம்தான்

பாட்டி தற்செயலாகக் கேட்டாலும், அந்த ஊரின் பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. 'கரா' என்றால் துருக்கிய மொழியில் கறுப்பு. 'பாக்' என்றால் பாரசீக மொழியில் தோட்டம். கராபாக் என்றால் கருந்தோட்டம். அதன் மலைப் பகுதியை ரஷ்யர்கள் நாகோர்னோ கராபாக் என்றார்கள். ஆர்மீனியர்கள் அதை ஆர்ட்சாக் என்பார்கள். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே, காக்கசஸ் மலைநாட்டில் அது இருக்கிறது. பரப்பளவு சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். நம் நெகிரி செம்பிலானைவிடச் சிறியது, மலாக்காவைவிடப் பெரியது.

அங்கே இரண்டு இனத்தார் வாழ்ந்தார்கள். ஆர்மீனியர்கள் கிறிஸ்தவர்கள். அஸர்பைஜானியர்கள் துருக்கிய மொழியினத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். வேறு மொழி, வேறு மதம் என்றாலும் ஒரே சந்தையில் வாங்கி விற்றார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போனார்கள். கலப்புத் திருமணங்களும் உண்டு.

அப்படியானால் சண்டை எங்கிருந்து வந்தது?

ஒரே நாளில் மாறிய கோடு

முதல் உலகப் போர்க் காலத்தில் ரஷ்யப் பேரரசு சிதறியபோது, 1918-இல் ஆர்மீனியாவும் அஸர்பைஜானும் தனித்தனி நாடுகளாயின. கராபாக் யாருக்கு என்று அப்போதே இரத்தம் சிந்தினார்கள். 1920-இல் ஷூஷா நகரத்தின் ஆர்மீனியர் பகுதி எரிக்கப்பட்டது. பிறகு இரண்டு நாடுகளும் சோவியத் ஆட்சிக்குள் வந்தன.

1921-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் கட்சி மேலிடத்தின் காக்கசஸ் குழு கூடி, அந்த மலைப்பகுதி ஆர்மீனியாவுக்கு என்று முடிவு செய்தது. மறுநாளே அந்த முடிவை மாற்றி, அஸர்பைஜானுக்குள்ளேயே இருக்கட்டும் என்றது. 1923-இல் அது அஸர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பகுதியானது. அங்கே குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆர்மீனியர்கள்.

மேசையில் உட்கார்ந்தவர்கள் ஒரு கோட்டைப் போட்டார்கள். மாஸ்கோவின் பிடி இறுக்கமாக இருந்தவரை மனக்கசப்பு உள்ளுக்குள்ளேயே புகைந்தது. பிடி தளர்ந்ததும் பற்றிக்கொண்டது.

இரண்டு கணக்குப் புத்தகங்கள்

1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், தங்களை ஆர்மீனியாவோடு சேர்க்க வேண்டும் என்று கராபாக் மன்றம் தீர்மானம் போட்டது. சில நாட்களில் சும்காயித் என்ற அஸர்பைஜான் நகரத்தில் ஆர்மீனியர்களை வீடு வீடாகத் தேடித் தாக்கினார்கள். அரசாங்கக் கணக்கில் 32 பேர் இறந்தார்கள். அவர்களில் 26 பேர் ஆர்மீனியர்கள். அதே ஆண்டு நவம்பரில் ஆர்மீனியாவுக்குள் இருந்த அஸர்பைஜானியர்கள் கொல்லப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள். இரண்டு பக்கமும் இலட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

1991-இன் இறுதியில் சோவியத் யூனியன் கலைந்தது. கலவரம் முழுப் போரானது. 1992 பிப்ரவரியில் கோஜாலி ஊரிலிருந்து தப்பி ஓடிய அஸர்பைஜானியப் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 613 பேர் என்பது அஸர்பைஜான் அரசின் கணக்கு. அடுத்த ஏப்ரலில் மராகா என்ற ஊரில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டார்கள். 1994 மே மாதம் போர் நின்றபோது சுமார் 30,000 பேர் மாண்டிருந்தார்கள். கராபாக்கும் அதைச் சுற்றியிருந்த மாவட்டங்களும் ஆர்மீனியர் வசம் இருந்தன. அக்தாம் என்ற பெரிய நகரம் ஆளில்லாமல் கற்குவியலானது.

2020-இல் 44 நாட்கள் மறுபடி போர் நடந்தது. சுமார் 7,000 பேர் இறந்தார்கள். இம்முறை அஸர்பைஜான் வென்றது. 2022 டிசம்பரில் கராபாக்கை ஆர்மீனியாவோடு இணைத்த ஒரே சாலை அடைக்கப்பட்டது. ஒன்பது மாதம் உணவுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. 2023 செப்டம்பர் 19-ஆம் நாள் அஸர்பைஜான் படை புகுந்தது. ஒரே நாளில் சண்டை முடிந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள், கிட்டத்தட்ட எல்லாருமே, வெளியேறிவிட்டார்கள். பாட்டி திரையில் பார்த்தது அவர்களைத்தான். அந்தப் பக்கத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முன் விரட்டப்பட்ட அஸர்பைஜானியர்கள் இப்போது சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறார்கள்.

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சும்காயித்திலிருந்து கதை தொடங்குகிறது. மறு வீட்டில் கோஜாலியிலிருந்து தொடங்குகிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் தன் வீட்டுச் சாவை மட்டும் எழுதி வைக்கும் கணக்குப் புத்தகத்தில் கடன் ஒருநாளும் தீராது. கல்லறைகளைக்கூட விட்டு வைக்கவில்லை. அக்தாம் பக்கத்தில் முஸ்லிம் கல்லறைகள் சிதைக்கப்பட்டன. ஜுல்ஃபா என்ற இடத்தில் ஆர்மீனியர்களின் பழைய சிலுவைக் கற்கள் 2005-இல் நொறுக்கப்பட்டன.

இரண்டு கிராமங்கள்

இனி, இந்தக் கதையை எழுத என்னைத் தூண்டிய செய்தியைச் சொல்கிறேன்.

அஸர்பைஜானில் கெர்கெஞ்ச் என்று ஒரு கிராமம். அங்கே இருந்தவர்கள் ஆர்மீனியர்கள். ஆர்மீனியாவின் வடக்கே கிஸில் ஷஃபாக் என்று ஒரு கிராமம். அங்கே இருந்தவர்கள் அஸர்பைஜானியர்கள். இனி இங்கே இருக்க முடியாது என்று இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஓடுகிறவன் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடுவான். இவர்கள் அப்படி ஓடவில்லை. ஊர்ப் பெரியவர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போய்ப் பார்த்தார்கள், உட்கார்ந்து பேசினார்கள். 1989-இல் வீட்டுக்கு வீடு என்று ஊரையே மாற்றிக்கொண்டார்கள்.

வீட்டை மாற்றிக்கொள்ளலாம். புதைத்த தாய் தகப்பனை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். "எங்கள் கல்லறைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கல்லறைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு இரண்டு நாடுகளும் போர் செய்தன. எல்லை மூடிக்கிடந்தது. போய்ப் பார்க்க வழியில்லை. பார்க்காவிட்டால் கேட்கவும் ஆளில்லை. ஆனாலும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். முஸ்லிம் கல்லறைகளைக் கிறிஸ்தவர்களும், கிறிஸ்தவக் கல்லறைகளை முஸ்லிம்களும் கெடாமல் பாதுகாத்தார்கள்.

2025 ஆகஸ்டு 8-ஆம் நாள் வாஷிங்டனில் இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தத்தின் வாசகத்தில் முதற்கையொப்பம் இட்டன. மகிழ்ச்சி. ஆனால் தலைவர்கள் முப்பத்தாறு ஆண்டு கழித்துத் தொட்டதை, அந்தக் குடியானவர்கள் 1989-லேயே செய்து முடித்துவிட்டார்கள்.

பாட்டி கேட்ட கேள்வி

அண்மையில் இதைப் பாட்டியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரர் அந்தப் பழைய தோட்டத்துலதான் கிடக்கிறாரு. இப்ப அங்க செம்பனை நட்டிருக்காங்க. யாரு பார்த்துக்குவாங்க, வாத்தியாரே?" என்றார்.

போரையும் தோட்ட விற்பனையையும் நான் ஒன்றாக்கவில்லை. அங்கே உயிர் போயிற்று. இங்கே இடம்தான் போயிற்று. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வாசகர்களே, தீபாவளிக்கு முன் நாம் இடுகாட்டுக்குப் போய்ப் புல் வெட்டி, நம் பெரியவர்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். எங்கள் தோட்டத்து இடுகாட்டில், சொந்தக்காரர்கள் எங்கோ பட்டணத்துக்குப் போய்விட்டதால் தேடி வர ஆளில்லாத கல்லறைகள் ஏழெட்டு இருக்கின்றன. இந்த ஆண்டு அவற்றின் மேலிருக்கும் புல்லையும் வெட்டுவது என்று நானும் என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளும் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் தோட்டத்திலும் அப்படிச் சில இருக்கும். பாட்டியின் வீட்டுக்காரர் கிடக்கும் இடத்துக்கு அருகில் இதைப் படிப்பவர் யாராவது இருந்தால், ஒரு கை புல்லை அவருக்காகவும் பிடுங்கிப் போடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.