ஆயத்தமும் ஆற்றலே

சதுரங்கத்தில் வீட்டில் ஆராய்ந்து வைத்த நகர்வுகளால் பெறும் வெற்றி மெய்யான வெற்றியன்று, வெறும் மனப்பாடமே என்பார் உளர். மாணவ நண்பர்கள் பலரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். அவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை.

1995-ஆம் ஆண்டு நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107-ஆம் மாடியில் காஸ்பரோவும் நம் விஸ்வநாதன் ஆனந்தும் உலகப் பட்டத்திற்காகப் பொருதினர். முதல் எட்டு ஆட்டங்கள் சமநிலை. ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவதில் அமைந்தது, 16-ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸின் பெயர் தாங்கிய தொடக்கம். ஆறாம் ஆட்டத்தில் இதே வழியில் ஆனந்த் சமநிலை கண்டிருந்தார். இம்முறையோ காஸ்பரோவ் 14-ஆம் நகர்வில் மந்திரியை ஒரு கட்டம் பின்வாங்கினார். அடுத்த நகர்வில் குதிரையை நகர்த்தி, மூலையில் நின்ற யானையையே பலியிட முன்வந்தார். ஆனந்தின் ராணி அந்த யானையை வெட்ட மூலைக்குச் சென்றது. அரசனோ கோட்டை கட்டாமல் நடுவில் தனித்து நின்றான். 38 நகர்வுகளில் ஆட்டம் முடிந்தது.

இது மனப்பாடமா? அதே வழியின் 11-ஆம் நகர்வான குதிரைப் பாய்ச்சல், 1978-இல் பாகியோ நகரில் கோர்ச்னாய்க்கு எதிராகக் கார்ப்போவ் ஆடிக் காட்டியது. பதினேழு ஆண்டுகள் பலரும் உழுத நிலத்தில் புதிதாய் ஒன்றை விளைவிப்பது எளிதன்று. கடையில் வாங்கிய வினா-விடை நூலை ஒப்பிப்பவனுக்கும், ஆசிரியர் வினாவைத் திருப்பிக் கேட்டால் என் செய்வேன் என இரவெல்லாம் எண்ணியவனுக்கும் வேறுபாடு இல்லையா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரபு ஆட்டக்காரர்கள், படைகள் மோதுமுன் காய்களை அணிவகுக்கும் முறைகளை வகுத்து, அவற்றைத் தபியா என வழங்கினர். ஆயத்தம் இவ்வாட்டத்திற்குப் புதிதன்று.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வேன். கணினி கண்டு தந்த நகர்வைப் பொருளறியாது ஒப்பிப்பவரை இக்குறை சாரும். எதிராளி சற்றே வழி மாறினாலும் அவர் திகைத்து நிற்பார்.

2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்குடன் ஆனந்த் மோதினார். மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புக் காய்களோடு, தாம் ஆயத்தம் செய்து கொணர்ந்த புதிய வழியாலேயே வென்று பட்டத்தைக் காத்தார். காஸ்பரோவின் வெற்றியை மனப்பாடம் என்போர் இவ்வெற்றியை என்னென்று அழைப்பர்?