பனி உருகினால் பாக்டீரியாவுக்குத் திண்டாட்டம்!

மார்கழிக் குளிரில் இட்லி மாவு பொங்காமல் அடம்பிடிப்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை. ஃபின்லாந்து தலைநகர் ஹெல்சின்கியிலும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான். ஆனால் மாவில் அல்ல, ஊர்க் கழிவுநீரில்!

அங்குள்ள வீக்கின்மாக்கி சுத்திகரிப்பு நிலையம் 1994 முதல் இயங்குகிறது. பாறையைக் குடைந்து பூமிக்கடியில் கட்டியிருக்கிறார்கள். மேலே மக்கள் குடியிருக்கிறார்கள். கீழே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வேலை பார்க்கின்றன.

சிறுநீரில் இருக்கும் யூரியா, சாக்கடையில் அம்மோனியாவாக மாறிவிடும். நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிறகு வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இதில் முதல் இரண்டு அணிகளும் படு சோம்பேறிகள். மற்ற கழிவுகளைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு நல்ல சூட்டிலேயே ஒரு நாள்வரை ஆகும். தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வேகம் பாதியாகவோ, அதற்கும் கீழாகவோ போய்விடும்.

அப்படியானால் கடுங்குளிர் மாதங்கள்தான் மோசமா? இல்லை. வெந்நீர்க் குளியலும் சமையலறைச் சுடுநீரும் சேர்ந்து வருவதால், வெளியே உறைபனி இருந்தாலும் சாக்கடை ஓரளவு சூடாகவே இருக்கும். வசந்தத்தில் பனி உருகும்போதுதான் உண்மையான சோதனை. ஐஸ் தண்ணீர் குழாய்களுக்குள் புகுந்து கழிவுநீரைக் குளிர்விக்கிறது. கூடவே தண்ணீரின் அளவும் ஏறுவதால், தொட்டியில் தங்கும் நேரம் குறைகிறது. பாக்டீரியாவுக்கு இரட்டை அடி!

தப்பித்த அம்மோனியா நேராகப் பால்டிக் கடலுக்குப் போகும். ஏற்கெனவே கோடைதோறும் பாசி படர்ந்து தவிக்கும் கடல் அது. அங்கே நைட்ரஜன், பாசிக்கு உரம். அம்மோனியா வடிவில் உள்ள 1 கிராம் நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறவே சுமார் 4.5 கிராம் ஆக்ஸிஜனை விழுங்கும். மீன்களுக்கு மிஞ்சுவது குறைவு.

இந்தக் குளிர்ப் பிரச்னையைச் சட்டமும் ஒப்புக்கொண்டது. 1991-ல் ஐரோப்பிய நாடுகளுக்காக வந்த கழிவுநீர் உத்தரவு, நைட்ரஜன் வரம்பைச் சோதிக்கும் இடத்தில் 12 டிகிரி என்ற அளவைக் குறிப்பிட்டது. அதற்குக் கீழே போனால் கொஞ்சம் சலுகை. ஆனால், கடலுக்கு ஏது சலுகை?

பாக்டீரியா நிறைந்த சேற்றை வெளியேற்றாமல், தொட்டியிலேயே அதிக நாள் தங்கவிடுவதுதான் வழக்கமான வைத்தியம். வேகம் குறைந்தாலும் எண்ணிக்கையால் ஈடுகட்டலாம். காற்றும் கூடுதலாகச் செலுத்த வேண்டியிருக்கும். ஆனால், இதையெல்லாம் குளிர்நீர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும். பனி உருகிய பிறகு ஆரம்பித்தால், பாக்டீரியாக்கள் பெருகி முடிப்பதற்குள் சீசனே முடிந்துவிடும்.